கச்சேரி வாசலில் அமர்ந்த தலைவர்

படுவான்கரையில் வாழும் ஒரு விவசாயிக்கு அரசாங்கம் என்பது கொழும்பில் இருப்பதல்ல. மட்டக்களப்புக் கச்சேரியில் இருப்பது. காணி அனுமதிப்பத்திரம், நீர்ப்பாசன முறைப்பாடு, மேய்ச்சல் தரை பற்றிய வழக்கு என்று அவனது வயிற்றோடு தொடர்புடைய எல்லாமே அங்குள்ள மேசைகளைத் தாண்டித்தான் வர வேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலை மக்களில் பெரும்பாலோர் ஓடத்துறையில் காத்திருந்து, வாவியைக் கடந்தே எழுவான்கரைக்குச் சென்றனர். அப்படிச் சென்று சேர்ந்த ஒருவனின் கையில், அவனால் வாசிக்க இயலாத மொழியில் எழுதிய கடிதத்தைக் கொடுத்தனுப்பினால், பறிபோவது மொழி மட்டுமா? அவன் நிலத்தின் மீது அவனுக்குள்ள பேச்சுரிமையும் அதனோடு போய்விடுகிறது.

1961 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த நிலை நேர்ந்தது. 1956 இல் நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டம் அவ்வாண்டு ஜனவரி முதல் அரச நிருவாகத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்க மறுத்து, வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் கச்சேரி வாசல்களில் அமர்ந்தனர். வாரக் கணக்கில் நீண்ட அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர், தந்தை செல்வா என்று தமிழர் அழைக்கும் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். அதை மொழிப் போராட்டம் என்றே வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஆனால் கிழக்கின் வயல்வெளிகளிலிருந்து நோக்கும் ஒருவருக்கு அதில் நிலமும் பிழைப்புமே முதலில் தெரியும்.

செல்வநாயகம் 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். கல்வியின் பொருட்டுச் சிறுவயதிலேயே யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழைக்கு அழைத்து வரப்பட்டார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்று, கொழும்பில் ஆசிரியராகப் பணியாற்றினார். மரணப் படுக்கையில் இருந்த தம்பியைப் பார்க்க விடுமுறை மறுக்கப்பட்டபோது, அந்த ஆசிரியர் பதவியைத் துறந்தார் என்பது அவரது வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. பின்னர் சட்டம் பயின்று, குடியியல் வழக்குகளில் நாட்டின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவரானார். மேடை அதிரப் பேசும் ஆற்றல் அவருக்கு வாய்க்கவில்லை. மெலிந்த உடலும் தாழ்ந்த குரலும் கொண்ட அந்தக் கிறிஸ்தவரை, சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் காங்கேசன்துறைத் தொகுதி 1947 இல் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

அவரது அரசியல் வாழ்வைத் திசை திருப்பியது வடக்கின் பிரச்சினை ஒன்றல்ல. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. தேயிலையால் இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பியவர்களுக்கு இந்நாட்டில் வாக்கு இல்லை என்றாயிற்று. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சரானபோது, செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்தார். 1949 டிசெம்பர் 18 இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி உருவானது. இன்று உழைப்பாளியின் உரிமை பறிபோகிறது, நாளை மொழியின் முறை வரும் என்று அவர் கணித்தார். 1952 தேர்தலில் அவர் தோல்வி கண்டார். ஆனால் நான்கு ஆண்டுகளில் அவரது கணிப்பு மெய்யாயிற்று.

இதே காலத்தில் கிழக்கில் வேறொரு மாற்றம் நிகழ்ந்து கொண்டிருந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, பெரும் நீர்த்தேக்கம் ஒன்றை உருவாக்கியது. நீர் பெருகியது நன்மையே. ஆனால் அந்த நீரால் விளையப் போகும் நிலத்தில் யாரைக் குடியமர்த்துவது என்ற முடிவு, அங்கு தலைமுறைகளாக உழுத தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கேட்கப்படாமலே எடுக்கப்பட்டது. 1956 ஜூன் 5 இல், தனிச் சிங்கள மசோதாவை எதிர்த்து செல்வநாயகமும் தோழர்களும் காலிமுகத் திடலில் அமர்ந்தபோது, குண்டர்கள் அவர்களைத் தாக்கினர். அடுத்த நாட்களில் வன்முறை கல்லோயாவுக்குப் பரவியது. அங்கு தமிழர் பலர் கொல்லப்பட்டனர். மொழிக்கான அமர்வுக்குரிய விலையைக் கிழக்கின் குடியேற்ற நிலத்தில் இருந்தவர்களே செலுத்தினர்.

ஆகவேதான் 1957 ஜூலை 26 இல் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவுடன் அவர் செய்துகொண்ட உடன்படிக்கையில் மொழிக்கு நிகரான இடம் நிலத்துக்கும் கிடைத்தது. விவசாயம், மீன்பிடி, காணி அபிவிருத்தி, குடியேற்றம் ஆகிய துறைகளில் பிராந்திய சபைகளுக்கு அதிகாரம் அளிக்கவும், குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் உரிமையை அச்சபைகளிடம் ஒப்படைக்கவும் அது வழிசெய்தது. வடக்கு ஒரு பிராந்தியமாகவும், கிழக்கு இரண்டோ அதற்கு மேற்பட்டோ பிராந்தியங்களாகவும் அமையலாம் என்ற ஏற்பாடு, கிழக்கின் முஸ்லிம்களுக்கும் தனியிடம் கிடைக்கக்கூடிய வாய்ப்பைத் திறந்து வைத்தது.

அந்த உடன்படிக்கை எவ்வாறு முடிந்தது என்பதில் ஒரு பாடம் உண்டு. 1958 ஏப்ரல் 9 இல் பிக்குமார் பிரதமரின் ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் வந்து அமர்ந்தனர். உடன்படிக்கையைக் கைவிடுவதாக எழுத்தில் பெற்ற பின்னரே எழுந்தனர். தரையில் அமர்வது என்ற அதே முறையால்தான் செல்வநாயகத்தின் உடன்படிக்கை வீழ்த்தப்பட்டது. அமர்ந்திருப்போரின் வலிமை அவர்களது பொறுமையில் மட்டும் இல்லை, அவர்களை அரசு யாராகக் கருதுகிறது என்பதிலும் இருக்கிறது என்பதை அவர் அன்று கண்டிருப்பார். ஆயினும் அவர் அந்த வழியைக் கைவிடவில்லை.

1961 பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதல் நாளிலேயே பொலிஸார் தடியடி நடத்தினர். அடிபட்டவர்கள் கலையவில்லை, மறுநாள் கூட்டம் பெருகியது. மாத இறுதிக்குள் மட்டக்களப்பிலும் மக்கள் அமர்ந்தனர். திருகோணமலை, மன்னார், வவுனியா ஆகிய இடங்களுக்கும் அது பரவியது. மட்டக்களப்புத் தொகுதி உறுப்பினர் செ. இராசதுரை, பட்டிருப்புத் தொகுதி உறுப்பினர் சி. மூ. இராசமாணிக்கம் ஆகியோர் இங்கு முன்னின்றனர். அன்றைய கச்சேரி, வாவிக் கரையில் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது. வரி கொடுக்கவும் மனுக் கொடுக்கவும் கைகட்டி அந்த வாசலைக் கடந்தவர்கள் இப்போது அதே வாசலை மறித்து அமர்ந்தனர்.

இத்தகைய அமர்வு ஒரு நாள் ஊர்வலத்தைப் போன்றதன்று. ஊர்வலத்துக்கு உணர்ச்சி போதும்; வாரக் கணக்கில் அமர்வதற்கு ஒழுங்கு வேண்டும். யார் பகலில் இருப்பது, யார் இரவில் இருப்பது, யார் வயலுக்குத் திரும்புவது என்று முறை வகுக்க வேண்டும். சோறு சமைக்கவும் தண்ணீர் சுமக்கவும் ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்தாலும் திருப்பி அடிக்காதிருக்கும் கட்டுப்பாடு ஆயிரக்கணக்கானோரிடம் ஒரே நேரத்தில் நிலைக்க வேண்டும். பெண்கள் பெருந்தொகையாக வந்து அமர்ந்தது அக்காலத்தில் புதுமை. கிழக்கில் முஸ்லிம்களும் வந்து அமர்ந்தனர். அன்றாடம் உழைத்து உண்பவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து அமர்வது, மாதச் சம்பளக்காரர் அமர்வதிலும் பெரிய தியாகம். செல்வநாயகம் தம் அறுபத்து மூன்றாவது பிறந்தநாளை இந்தப் போராட்டத்தின் நடுவே கடந்தார்.

கச்சேரிகள் செயலிழந்தன. அரசாங்கத்துடன் நடந்த பேச்சும் பயனளிக்கவில்லை. ஏப்ரல் 14 இல் செல்வநாயகம் யாழ்ப்பாணத்தில் தமிழரசு அஞ்சல் சேவையைத் தொடங்கி, முத்திரைகளை வெளியிட்டார். அரசாங்கத்தின் சட்டத்தை நேரடியாக மீறும் செயல் அது. ஏப்ரல் 17 இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. இராணுவம் இறங்கியது, சத்தியாக்கிரகிகள் அடித்து விரட்டப்பட்டனர். தலைவர்கள் கைதாகி, பனாகொடை முகாமில் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அதே 1961 ஏப்ரலில்தான் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு, அம்பாறை மாவட்டம் உருவாயிற்று. கச்சேரி வாசலில் மக்கள் மொழிக்காக அமர்ந்திருந்த அந்த நாட்களில், கச்சேரியின் எல்லையே மாறிவிட்டது.

அதன் பின்னரும் அவர் பேச்சுவார்த்தையைக் கைவிடவில்லை. 1965 மார்ச் 24 இல் டட்லி சேனாநாயக்கவுடன் செய்த உடன்படிக்கையில், வடக்கு கிழக்கில் காணி வழங்கும்போது முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றவர்களுக்கும், அடுத்து அம்மாகாணங்களில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கும் முன்னுரிமை தருவதென ஒப்புக்கொள்ளப்பட்டது. அதுவும் நிறைவேறவில்லை. பின்னாளில் நடுக்க நோயும் செவிப்புலக் குறைவும் அவரை வாட்டின. 1972 இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்துப் பாராளுமன்றப் பதவியைத் துறந்தார். 1975 பெப்ரவரியில் வந்த இடைத்தேர்தலில் பெரு வெற்றி பெற்றார். 1976 இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கி, 1977 ஏப்ரல் 26 இல் காலமானார்.

அவரது வாழ்வைப் போற்றுவோர் அதன் குறைகளையும் காண வேண்டும். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லால் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே பாயில் அமர்த்த அவர் விரும்பினார். அந்த விருப்பம் நேர்மையானது. 1956 இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றனர். ஆனால் இருவருமே பின்னர் அரசாங்கப் பக்கம் சேர்ந்தனர். இதைத் துரோகம் என்று சொல்லிக் கடந்து போவது எளிது. கிழக்கில் சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழும் ஒரு சமூகம் தன் காணியையும் வணிகத்தையும் பாதுகாப்பையும் எவ்வாறு கணக்கிட்டது என்பதை, யாழ்ப்பாணத்திலிருந்து இயங்கிய தலைமை போதிய அளவு கேட்டறிந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மொழி ஒன்றாக இருந்தால் நலனும் தானாக ஒன்றாகிவிடும் என்ற எண்ணம் அவரது அரசியலின் பலமாகவும் பலவீனமாகவும் இருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடாமல் விட்டதன் விளைவைக் கிழக்கு பின்னர் இரத்தத்தால் அனுபவித்தது. 1990 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்களும், ஏறாவூரில் உறங்கிக் கொண்டிருந்தவர்களும் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டனர். கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் 1987 இலும் 1991 இலும் நடந்த படுகொலைகளை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. 1961 இல் ஒரே வாசலில் அருகருகே அமர்ந்தவர்களின் பிள்ளைகள் ஒருவர் தெருவில் மற்றவர் நடக்க அஞ்சிய காலம் அது.

2023 செப்டெம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளை மீட்டுத் தருமாறு கோரி, மட்டக்களப்பின் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரம் அமர்ந்தனர். பெரும்போகத்தில் வயல்களில் நெல் நிற்கும்போது மாடுகளை வேறிடம் கொண்டு செல்வது இம்மாவட்டத்தின் பழைய வழக்கம். அந்தத் தரைகளில் வெளியார் உழத் தொடங்கியதும் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறந்தன. அமர்வு ஓராண்டைக் கடந்தும் நீடித்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் கெவிளியாமடுவிலும் இதே வகை முறைப்பாடுகள் எழுந்தன. 1957 இலும் 1965 இலும் தாளில் எழுதிக் கைவிடப்பட்ட அதே கேள்வியே மாட்டுக்காரரின் பந்தலில் மீண்டும் வந்து நிற்கிறது: இந்த நிலத்தில் யாருக்கு முதலுரிமை, அதைத் தீர்மானிப்பது யார்?

செல்வநாயகத்தின் வாழ்விலிருந்து அந்தப் பந்தலுக்குச் சொல்லத்தக்கவை இரண்டு. முதலாவது, அமர்ந்திருப்போரின் ஒழுக்கம் குலையாதவரை அவர்களது கோரிக்கை சாவதில்லை. அவரது உடன்படிக்கைகள் இரண்டும் வெறும் தாளாகின, ஆனால் கச்சேரி வாசலில் அமர்ந்தவர்களை மக்கள் மறக்கவில்லை. இரண்டாவது, பந்தலில் யார் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மேய்ச்சல் தரை இழந்த தமிழரும், வயற்காணி இழந்த முஸ்லிமும், காடு வெட்ட அழைத்து வரப்பட்ட ஏழைச் சிங்களவரும் தனித்தனியே மூன்று அலுவலகங்களில் மனுக் கொடுக்கும் வரை, முடிவெடுப்பவருக்கு மிகவும் வசதி.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயத்தின் கல் நந்தி, கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் முன் எழுந்து புல் தின்றதாக ஊர்க்கதை ஒன்று உண்டு. கல் மாட்டுக்கும் புல் கொடுத்த ஊரில், உயிருள்ள மாடுகளின் புல்லுக்காக மக்கள் தெருவோரம் அமர நேர்ந்தது. அவர்களைத் தனியே அமர விட்டுவிட்டு, ஆண்டுதோறும் ஏப்ரலில் தந்தை செல்வாவின் சிலைக்கு மாலை அணிவிப்பதில் பயனில்லை.