கைகளைக் காத்த வெற்றிடம்

எக்ஸ்-ரே அறையில் ஒரு நொடி மூச்சடக்கி நிற்கிறோம். படம் தெளிவாக வந்துவிடுகிறது. அந்த ஒரு நொடியை நம்பத்தக்கதாக்க ஒருவர் செய்த பொறுமையான உழைப்பை நாம் நன்றியோடு நினைத்துப் பார்ப்போம்.

வில்லியம் டேவிட் கூலிட்ஜ் 1873ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹட்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை காலணித் தொழிலாளி. எளிய குடும்பத்துப் பிள்ளையான இவர், பொறியியல் கற்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1899இல் முனைவர் பட்டம் பெற்றார். 1905இல் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் சேர்ந்தார். எளிதில் நொறுங்கிவிடும் டங்ஸ்டன் உலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைப் பல ஆண்டு முயற்சிக்குப்பின் கண்டார். மின்விளக்குகள் அதனால் நெடுநாள் உழைத்தன.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பின், அவற்றைத் தரும் குழாய்களில் பெருங்குறை ஒன்று இருந்தது. உள்ளே சிறிது வாயு இருந்தால்தான் அவை இயங்கும். பயன்படுத்தப் பயன்படுத்த அந்த வாயுவின் அளவு மாறும். கதிரின் வலிமையும் மாறும். இன்று வந்த படம் நாளை வராது. எனவே குழாய் சரியாக இருக்கிறதா என்று அறிய, பலர் தம் கையையே கதிர்முன் நீட்டிப் பார்த்தனர். எடிசனின் உதவியாளரும் கண்ணாடிக் கலைஞருமான கிளாரன்ஸ் டாலி அவர்களுள் ஒருவர். இரு கைகளையும் இழந்து, 1904இல் அவர் இறந்தார்.

கூலிட்ஜ் வேறு வழியில் சென்றார். வாயுவை நம்பாமல், சூடேற்றிய டங்ஸ்டன் இழையிலிருந்தே எலக்ட்ரான்களை வரவழைத்தார். அதற்கு ஏறக்குறைய முழுமையான வெற்றிடம் தேவைப்பட்டது. காற்றை உறிஞ்சி எடுத்தால் மட்டும் போதாது. கண்ணாடிச் சுவரிலும் உலோகத்தின் உள்ளேயும் வாயு ஒளிந்திருக்கும். பின்னர் சூடாகும்போது அது வெளியே வந்து குழாயைக் கெடுக்கும். எனவே குழாயைச் சூடேற்றிக்கொண்டே, ஒளிந்திருந்த வாயுவையெல்லாம் வெளியேற்றினார்கள். அதன்பின்னரே கண்ணாடி முனையை நெருப்பில் உருக்கி அடைத்தார்கள்.

1913இல் வந்த இக்குழாயில் கதிரின் அளவை இழையின் சூட்டாலும், ஊடுருவும் திறனை மின்னழுத்தத்தாலும் தனித்தனியே அமைக்க முடிந்தது. நேற்று வைத்த அளவு இன்றும் அதே படத்தைத் தந்தது. கதிரின் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. பாதுகாப்புக் கவசங்களும் தேவைப்பட்டன. ஆனால், கையை நீட்டிச் சோதிக்கும் தேவை மறைந்தது. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக எடுத்துச்செல்லக்கூடிய எக்ஸ்-ரே கருவிகளையும் அவர் உருவாக்கினார்.

1975, பிப்ரவரி 3 அன்று, தம் 101ஆம் வயதில் கூலிட்ஜ் இறந்தார். இன்றைய மருத்துவமனைகளிலும் சூடான டங்ஸ்டன் இழையும் வெற்றிடமுமே பணி செய்கின்றன. மேலோட்டமாகத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவது நம் எல்லாருக்கும் எளிது. உள்ளே ஒளிந்திருந்ததையும் வெளியேற்றும்வரை அவர் பொறுத்திருந்தார். முகம் தெரியாத எத்தனையோ பேரின் கைகள் அதனால் தப்பின.