பெரியாரும் மக்கட்பெருக்கமும்

மக்கட்பெருக்கத்தைப் பற்றிக் கவலையுற்ற அறிஞர் பலர் விளைநிலத்தையும் உணவையும் கணக்கிட்டனர். பிள்ளையைச் சுமந்து பெறும் தாயை முதற்கண் எண்ணியோர் மிகச் சிலரே. அவருள் தலைசிறந்தவர் தந்தை பெரியார்.

ஈ. வெ. இராமசாமி என்னும் இயற்பெயருடைய பெரியார், 1879ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் ஈரோட்டில் வணிகச் செல்வர் குடியிற் பிறந்தார். பள்ளிக் கல்வி சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. உலகமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. அவர்தம் தங்கையின் மகள் சிறுமிப் பருவத்திலேயே மணமாகிக் கணவனை இழந்தாள். உற்றார் சினந்தபோதும் அஞ்சாது, அவளுக்கு மறுமணம் செய்வித்தார் பெரியார். பெண்ணின் வாழ்வைப் பிறரே முடிவு செய்யும் கொடுமையை அவர் தம் குடும்பத்திலேயே கண்டவர்.

1925ஆம் ஆண்டு 'குடியரசு' இதழைத் தொடங்கினார். 1929இல் செங்கற்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறிற்று.

மக்கள் உணவைவிட விரைந்து பெருகுவர் என்று ஆங்கில அறிஞர் மால்தசு 1798ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அக்கருத்தைப் பின்பற்றியோர், வறுமை நீங்கக் கருத்தடை வேண்டும் என்றனர். தாயின் உடல்நலத்தைக் காரணங் காட்டினோரும் உளர். 1930இல் 'குடியரசு' இதழில் இதுபற்றி எழுதிய பெரியார், இவற்றினும் வேறான காரணத்தை முன்வைத்தார். ஓயாத பிள்ளைப்பேறு பெண்ணை அடிமையாக்குகின்றது; ஆதலின் அவள் விடுதலைக்கே கருத்தடை வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனைப் பலர் வாய்விட்டுப் பேசவும் நாணிய காலம் அது! 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடே அவருக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை வழங்கிற்று.

1952ஆம் ஆண்டு இந்திய அரசு குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியது. பெரியார் 1973ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் தம் தொண்ணூற்று நான்காம் அகவையில் மறைந்தார். அதன்பின் 1976இல் வடமாநிலங்கள் பலவற்றில் மக்கள் வற்புறுத்தப்பட்டுக் கருத்தடை அறுவைக்கு ஆளாயினர். எண்ணிக்கையை மட்டும் நோக்கி மனிதரை மறந்ததன் விளைவு அது.

தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1951இல் ஏறத்தாழ 3 கோடி; 2011இல் 7 கோடியே 21 இலட்சம். எனினும், 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு ஒரு பெண் பெறும் பிள்ளைகள் சராசரியாக 1.8 மட்டுமே. மக்கள்தொகை குறையாது நிலைபெற 2.1 வேண்டும். பெண்கல்வி பரவியதும், மணவயது உயர்ந்ததும், பிறந்த குழவிகள் பிழைத்து வளர்ந்ததும் இம்மாற்றத்திற்குக் காரணங்களாம். நகரங்களில் மட்டுமன்றிக் குள்ளஞ்சாவடி போன்ற ஊர்களிலும் பெண்மக்கள் இன்று பள்ளி சென்று பயில்கின்றனர்.

மாணவர்களே! மக்கள் மிகுவரே என்று அன்று அஞ்சினர். இளையோர் குறைந்து முதியோர் மிகுவரே என்று இன்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் மாறினும் பெரியார் காட்டிய அளவுகோல் மாறவில்லை. மிகுதியாகப் பெறுக என்றோ, குறைவாகப் பெறுக என்றோ பெண்ணைப் பிறர் ஏவுதல் முறையன்று. கல்வியும் உரிமையும் பெற்ற பெண் தானே தேர்ந்து முடிவு செய்தல் வேண்டும். அந்நிலையை எய்திய நாட்டில் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் விரும்பிப் பெற்ற செல்வமாகும்.