விரியனுக்குப் பெயர் தந்த டாக்டர்

சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கம் வயல் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடி விரியனைத் தெரியாமல் இருக்காது. அந்தப் பாம்புக்கு ஆங்கிலத்தில் 'ரஸ்ஸல் விரியன்' என்று பெயர். ரஸ்ஸல் ஒரு டாக்டர். பாம்பைக் கண்டு ஓடாமல், அதன் வாயைத் திறந்து பார்த்தவர்!

பாட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்து தேசத்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். சிரியாவிலுள்ள அலெப்போவில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். அங்கே பிளேக் நோய் பரவியபோதும் ஊரை விட்டுப் போகவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த தம்பிக்குத் துணையாக விசாகப்பட்டினம் வந்தார். அது அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். 1785-ல் கம்பெனி அவரைத் தன் இயற்கை ஆராய்ச்சியாளராக நியமித்தது.

பாம்பு கடித்துச் சாகிறவர்கள் ஏராளம். ஆனால் எந்தப் பாம்பு கொல்லும், எது கொல்லாது என்பதே டாக்டர்களுக்குத் தெளிவாகத் தெரியாத காலம் அது. ரஸ்ஸல் பாம்புகளைப் பிடித்து வரச் செய்தார். செதிளை எண்ணிப் பார்த்தார். அதை வைத்து விஷப் பாம்பைப் பிரிக்க முடியவில்லை. விஷப் பல்தான் நிச்சயமான அடையாளம் என்று கண்டார். கோழிகளையும் நாய்களையும் கடிக்க விட்டு, உயிர் போகும் நேரத்தைக் குறித்தார். படிக்கவே மனம் கூசுகிறது. ஆனாலும் நாட்டில் நிலவிய குழப்பம் அதனால்தான் குறைந்தது.

'தஞ்சாவூர் மாத்திரை' அப்போது வெகு பிரசித்தம். வெள்ளைப் பாஷாணம் சேர்ந்த மருந்து. ரஸ்ஸல் அதையும் சோதித்தார். அதன் பலன் அவருக்கு உறுதிப்படவில்லை. சாரை கடித்தவன் மருந்தில்லாமலே பிழைப்பான். பெயர் மாத்திரைக்குப் போகும்!

நல்ல பாம்பின் விஷம் உடம்பில் என்ன செய்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. கை அசைய வேண்டுமென்றால் நரம்பின் நுனி ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அதை ஏற்றுக்கொள்ளத் தசையில் பூட்டுப் போன்ற இடங்கள் உண்டு. விஷத்திலுள்ள சின்னஞ்சிறு புரதம் அந்தப் பூட்டை அடைத்துவிடும். நரம்பு கூப்பிடும், தசைக்குக் கேட்காது. இமை சரியும், நாக்குக் குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். கடலிலுள்ள கூம்பு நத்தையின் விஷத்திலும் இதே பூட்டை அடைக்கும் பொருள் உண்டு. கண்ணாடி விரியனோ பெரும்பாலும் ரத்தத்தைக் கெடுக்கும். பாஷாண மாத்திரை இதில் எதைத் தடுக்கும்?

இந்த விரியனைத் தெலுங்கு மக்கள் அழைத்த பெயரிலேயே ரஸ்ஸல் எழுதி வைத்தார். நல்ல பாம்புக்கு அடுத்தபடி கொடியது இதுவே என்றும் கணித்தார். பின்னால் வந்தவர்கள்தாம் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

1789-ல் அவர் ஊர் திரும்பினார். சேர்த்த பாம்புகளைச் சென்னையிலேயே விட்டுப் போனார். நாற்பதுக்கும் மேற்பட்ட பாம்புகளின் வர்ணப் படங்களோடு அவருடைய நூல் 1796-ல் வெளிவந்தது. விஷமுறிவு ஊசி வர இன்னும் நூறு ஆண்டு இருந்தது. ரஸ்ஸல் 1805-ல் காலமானார். இரண்டாம் பாகத்தின் மீதிப் பகுதிகள் அவர் இறந்த பிறகே அச்சாயின.