நூலகச் சங்கத்தைச் சட்டமன்றம் வரை அழைத்துச் சென்ற இரங்கநாதன்

தொழில்சார் சங்கங்கள் என்றால் அங்கத்தவரின் சம்பளம், பதவியுயர்வு ஆகியவற்றைப் பற்றியே பேசுவன என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. ஒரு நூலகச் சங்கம் வாசகருக்காகச் சட்டம் கேட்டுப் போராடி அதில் வெற்றியும் பெற்றது என்பதைப் பலர் அறியார். அவ்வெற்றிக்கு முதன்மைக் காரணராக விளங்கியவர் இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் ஆவார்.

1892 ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த இரங்கநாதன், கணித ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கினார். அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்ததும் அதே ஆண்டிலேயே ஆகும். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்ற இரங்கநாதனுக்கு, ஆரம்பத்தில் அப்பணி சற்றும் பிடிக்கவில்லை. ஆனால் அவ்வாண்டே பயிற்சிக்காக இலண்டன் சென்றபோது, அங்குள்ள பொது நூலகங்களைத் தொழிலாளரும் சிறுவரும் பெண்களும் பயன்படுத்துவதைக் கண்டார். நூலகம் கற்றோரின் தனிச்சொத்து அல்ல என்ற தெளிவோடு 1925 இல் தாயகம் திரும்பினார்.

1928 இல் சென்னை நூலகச் சங்கம் உருவானபோது அதன் செயலாளர் பொறுப்பை ஏற்ற அவர், 1945 வரை அதனை வகித்தார். நூலகர்கள் மட்டும் கூடும் அமைப்பாக அச்சங்கம் இருக்கவில்லை. வழக்கறிஞரும் ஆசிரியரும் பொதுமக்களும் அதில் இணைந்தனர். 1929 இல் சங்கமே நூலகப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கியது; பின்னர் அவற்றைப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. 1931 இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று கிராமங்களை நோக்கிப் புறப்பட்டது. பாலங்களுக்கும் பாதைகளுக்கும் நெடுங்காலம் காத்திருந்த எமது படுவான்கரைக் கிராமங்களை அறிந்தோருக்கு அவ்வண்டியின் பெறுமதி நன்கு விளங்கும்.

எனினும் நன்கொடையாளரின் தயவில் நடக்கும் நூலகம் நீடித்து நிலைக்காது என்பதை இரங்கநாதன் உணர்ந்திருந்தார். சட்டமும் அச்சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட வரியும் தேவை என்பதே அவரது நிலைப்பாடாகும். 1930 இல் காசியில் நடைபெற்ற அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டமொன்றை அவர் முன்வைத்தார். அதனைத் தழுவிய மசோதாவை 1933 இல் சென்னைச் சட்டமன்றத்தில் தனிநபர் பிரேரணையாகச் சமர்ப்பித்தவர் ஜனாப் பஷீர் அஹமது சயீத் ஆவார். பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் முஸ்லிம் பெண்களின் உயர்கல்விக்கு உழைத்தவராகவும் விளங்கிய அவர், இரங்கநாதனின் கோரிக்கையைத் தனதாக்கிக்கொண்டமை இரு சமூகத்தவரும் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தியாகும்.

அம்மசோதா சட்டமாகவில்லை. ஆனால் சங்கம் சோர்ந்துவிடவில்லை. கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் காலத்தில், 1948 இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்திய மாநிலங்களில் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது அதுவே முதன்முறை. சொத்து வரியோடு நூலக வரியும் அறவிடப்பட்டு, நூலகங்களுக்கென ஒதுக்கப்பட்டது. முதல் வரைவிலிருந்து சட்டம் வரை 18 ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில் 1944 முதல் 1953 வரை இந்திய நூலகச் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றிய அவர், ஏனைய மாநிலங்களுக்கும் சட்ட வரைவுகளைத் தயாரித்தளித்தார். தமது சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியற் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவ வழங்கினார். 1972 செப்டெம்பர் 27 இல் பெங்களூரில் அவர் காலமானார்.

இலங்கைக்கும் அவர் அந்நியரல்லர். 1959 இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடத்தின் திட்டமிடலில் அவரது ஆலோசனை பெறப்பட்டது. 1981 இல் அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது அன்னாரின் உழைப்பின் ஒரு பகுதியும் சாம்பலானது.

எமது நாட்டில் 1960 இல் உருவான இலங்கை நூலகச் சங்கம், 1974 இன் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. ஆயினும் பொது நூலகங்கள் மாநகர, நகர, பிரதேச சபைகளின் வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தையே நம்பியுள்ளன. வடிகானுக்கும் வீதி விளக்குக்கும் ஒதுக்கியபின் எஞ்சுவதே நூல்களுக்குக் கிடைக்கும் என்ற நிலை மாறவேண்டும். வரி மட்டும் போதும் என நாம் கூறவரவில்லை. அறவிட்ட வரியை உள்ளூராட்சி அமைப்புகள் உரிய காலத்தில் நூலகங்களுக்கு ஒப்படைப்பதில்லை என்ற முறைப்பாடு தமிழ்நாட்டிலும் உண்டு. எனவே சட்டத்தோடு, அதன் அமுலாக்கத்தைக் கண்காணிக்கும் சங்கமும் வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் கரையோரத்தில் தமிழ், முஸ்லிம் கிராமங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. போரும், 1990 இன் துயரங்களும், 2004 இன் ஆழிப்பேரலையும் இம்மக்களைப் பெரிதும் காயப்படுத்தின. பாடசாலைகள் பெரும்பாலும் சமூகவாரியாகப் பிரிந்துள்ள இப்பிரதேசத்தில், ஆரையம்பதிச் சிறுவனும் காத்தான்குடிச் சிறுமியும் ஒரே மேசையில் அமரக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. பொது நூலகம் அவற்றுள் ஒன்றாகும். அதனைக் காக்கும் பொறுப்பை நூலகரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. எமது பிரதேச வாசகர் வட்டங்களும் நூலகர்களும் ஒன்றிணைந்து, நூலகங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலையான நிதியை உறுதிசெய்யும் சட்டத்தை மக்கள் பிரதிநிதிகளிடம் கோரவேண்டும். அக்கோரிக்கையைச் சபையில் எழுப்ப, ஒரு பஷீர் அஹமது சயீத் எம்மிடையேயும் முன்வரவேண்டும்.