இரவற் கண்கள்

இன்று சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜினீவா நகரில் 1750ஆம் ஆண்டு பிறந்தவர் பிரான்சுவா ஹூபர். அவருடைய தந்தையார் ஓவியர். கல்வியில் பெருவேட்கை கொண்ட ஹூபருக்குப் பதினைந்தாம் அகவையில் கண்ணொளி குறையத் தொடங்கிற்று. பாரிஸ் நகர மருத்துவர்களாலும் அந்நோயைத் தீர்க்க இயலவில்லை. நாளடைவில் உலகம் அவருக்கு முற்றும் இருண்டது. அவரை மணக்க இசைந்திருந்த மரீ என்னும் நங்கையோ, தந்தையார் தடுத்தும் உறுதி தளரவில்லை. உரிய அகவை எய்தும்வரை காத்திருந்து அவரையே மணந்தார்.

ஹூபருக்கு நூல்களைப் படித்துக் காட்டியவர் பர்னென்ஸ் என்னும் பணியாளர். தேனீக்களைப் பற்றிய நூல்களைக் கேட்ட ஹூபருக்கு, அவை கூறுவன மெய்தாமா என்னும் ஐயம் எழுந்தது. ஐயம் தீரக் கூட்டைக் காணுதல் வேண்டும். காணக் கண் இல்லை. ஆதலின் பர்னென்சின் கண்களைத் தம் கண்களாகக் கொண்டார். ஹூபர் வினவுவார்; பர்னென்ஸ் நோக்கி விடை கூறுவார். ஒருமுறை கண்டதைக் கொண்டு ஹூபர் முடிவு செய்யார். பன்முறை நோக்கச் செய்த பின்னரே ஏற்பார்.

கூட்டின் உட்புறத்தைக் காண்பது அந்நாளில் அரிது. அதற்கென ஹூபர் மரச்சட்டங்களைக் கீல்களால் இணைத்து, புத்தக ஏடுகளைப் போலத் திருப்பத்தக்க கூடொன்றை அமைத்தார். ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடை இருக்கும். முட்டையிடும் தேனீ எது என்று தெளியும் பொருட்டு, இரண்டு கூடுகளில் இருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து நோக்க வேண்டியதாயிற்று. கொட்டுதலுக்கு அஞ்சாத பர்னென்ஸ் 11 நாள் உழைத்து அப்பணியை முடித்தார்.

அரசித் தேனீ கூட்டிற்கு வெளியே வானில் பறந்தே ஆண் தேனீயுடன் கூடுகிறது என்பதையும், தேனீக்கள் சிறகு வீசிக் கூட்டினுள் காற்றோட்டம் உண்டாக்குகின்றன என்பதையும் ஹூபர் நிறுவினார். மெழுகு மகரந்தத்தினின்று வருவதன்று, தேனுண்ட தேனீயின் உடலிலேயே சுரப்பது என்பதையும் தக்க சோதனைகளால் காட்டினார். 1792ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் பர்னென்சின் உதவியை மறைக்காமல் போற்றி உரைத்தார்.

மார்கழிப் பனிக்கே போர்வை தேடுவோர் சென்னையில் வாழும் நாம். ஜினீவாவிலோ மலரே இல்லாத உறைபனி மாதங்கள் பல. அம்மாதங்களில் தேனீக்கள் உறங்குவதில்லை. அரசியை நடுவில் வைத்துத் திரண்டு, சேமித்த தேனை உண்டு, சிறகுத் தசைகளை அசைத்து வெப்பம் உண்டாக்குகின்றன. ஆகவே, குளிர்நாட்டில் தேனீ வளர்க்கப் புகுவோர் தேனை எடுக்கும் வகையை மட்டும் கற்றால் போதாது. எவ்வளவு தேனை விட்டுவைப்பது என்பதையும் கற்றல் வேண்டும். அக்காலத்தில் பலர் கந்தகப் புகையால் தேனீக்களைக் கொன்றே தேன் எடுத்தனர். கொல்லாமலே கூட்டைத் திறக்கலாம் என்பதை ஹூபரின் ஏட்டுக்கூடு காட்டிற்று.

பிற்காலத்தில் பர்னென்ஸ் பிரிந்து சென்றபோது, மனைவியாரும் மகன் பியேரும் ஹூபருக்குக் கண்களாயினர். 1814இல் நூல் விரிவாக்கம் பெற்றது. 1831இல், தம் 81ஆம் அகவையில் ஹூபர் மறைந்தார்.

அவர் இட்ட வித்துப் பின்னர் வளர்ந்தது. ஹூபரின் நூலைக் கற்ற அமெரிக்கரான லாங்ஸ்டிராத், 1851இல் சட்டங்களை எளிதில் எடுக்கத்தக்க பெட்டியை அமைத்தார். தமிழ்நாட்டில் 1911 முதல் 1917 வரை சிற்றூர் மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் பாதிரியார், நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை உருவாக்கினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மாணவர்களே! கண்ணுடையார் பலர் கேட்டதை அவ்வாறே நம்பினர். கண்ணிலாத ஹூபரோ ஐயுற்றார், வினவினார், உண்மையைக் கண்டார். அவ்வுண்மை, பொய் கூறாத ஒரு பணியாளரின் கண்வழியே அவருக்குக் கிட்டியது என்பதையும் நாம் மறத்தலாகாது.