27 வயதில் ஓய்ந்த குரல்
நாடக மேடையின் மன்னர் கிட்டப்பாவின் கதை

அது ஒலிபெருக்கி வராத காலம். பல ஊர்களில் மின்சாரமும் கிடையாது. கியாஸ் விளக்கு வெளிச்சத்தில்தான் நாடகம் நடக்கும். கொட்டகை நிறைய ஜனங்கள். கடைசி மூலையில் நிற்பவர் காதிலும் பாட்டு விழவேண்டும். விழாவிட்டால் ரகளைதான்!

அப்படிப்பட்ட மேடையில் ஏறி நின்று, ஐந்து கட்டைக்கும் மேலான சுருதியில் ஒருவர் பாடினார். அவர் வாயைத் திறந்தால் கூட்டம் அடங்கிவிடும்.

அவர்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. புகழின் உச்சியில் இருந்தபோதே அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 27.

வறுமை வீட்டுப் பிள்ளை

தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது செங்கோட்டை. 1956-ம் ஆண்டு வரை அந்த ஊர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கே 1906 ஆகஸ்டு மாதம் கிட்டப்பா பிறந்தார். தந்தை கங்காதர அய்யர், தாய் மீனாட்சி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். "கிட்டப்பா" என்பது செல்லப் பெயர். அதுவே ஊர் அறிந்த பெயர் ஆகிவிட்டது.

குடும்பம் பெரிது. வருமானம் சிறிது. பிள்ளைகளுக்கு நல்ல குரல் இருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள். சாப்பாடு கிடைக்கும், கொஞ்சம் சம்பளமும் வரும். அண்ணன்மாரோடு கிட்டப்பாவும் மேடைக்கு வந்தார். அப்போது அவர் ஐந்தாறு வயதுக் குழந்தை!

பள்ளிக்கூடப் படிப்பு அதோடு போயிற்று. வித்துவானிடம் பல வருஷம் உட்கார்ந்து சங்கீதம் படித்தவரும் அல்ல. பெரிய வித்துவான்கள் பாடுவதைக் கேட்பார், அப்படியே பிடித்துக்கொள்வார். கேள்வி ஞானம்தான் அவருடைய பள்ளிக்கூடம்.

பிறகு கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். கன்னையா நாடகம் என்றால் காட்சி ஜோடனைகள் பிரமாதமாக இருக்கும். "தசாவதாரம்" நாடகத்தைப் பார்க்க ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். காட்சியைப் பார்க்க வந்தவர்கள், கிட்டப்பாவின் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

விடிய விடிய

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால், விடியும்போதுதான் முடியும். அந்தக் கால நாடகமும் அப்படித்தான். ராஜபார்ட் நடிகர் ராத்திரி முழுவதும் பாடவேண்டும். ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால், ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" கேட்பார்கள். மறுபடியும் பாடவேண்டும். மறுநாள் வேறு ஊர், வேறு கொட்டகை.

கிட்டப்பா இதைக் குழந்தைப் பருவம் முதல் செய்தார். இருபது வருஷம் செய்தார்.

அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிப்பார். தம்பி பாடுவார். ஆர்மோனியம் எட்டும் இடத்துக்கெல்லாம் குரலும் எட்டும். தியாகராஜ சுவாமிகளின் "எவரனி" கீர்த்தனையை அவர் பாடிய இசைத்தட்டு இன்றைக்கும் பேசப்படுகிறது. நாடகக்காரர் பாட்டு என்று முகம் சுளித்த சங்கீத ரசிகர்களும் அதைக் கேட்டார்கள்.

கொழும்பில் சந்திப்பு

1924-ல் கிட்டப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் கிட்டம்மாள்.

1926-ல் அவர் இலங்கைக்குப் போனார். அங்கே கொழும்பில் ஒரு பெண்ணின் பாட்டு கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. கொடுமுடி சுந்தராம்பாள்! சிறுவயதில் வறுமை தாங்காமல் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண் அவர். குரல் அவரையும் மேடைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இருவரையும் சேர்த்து "வள்ளி திருமணம்" போட்டார்கள். கிட்டப்பா முருகன். சுந்தராம்பாள் வள்ளி. மேடையில் முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டம் வரும். அவர் ஒரு பாட்டு; இவர் ஒரு பாட்டு. ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. கொட்டகை கிடுகிடுத்தது.

மேடைப் போட்டி காதல் ஆயிற்று. ஜாதி வேறு, அவருக்கு வீட்டில் மனைவியும் இருக்கிறார். இருந்தும் 1927-ல் மாயவரத்தில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். இதில் கிட்டம்மாள் பட்ட வேதனையைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதில்லை.

கிட்டப்பா-சுந்தராம்பாள் ஜோடி என்று நோட்டீசு ஒட்டினால் போதும், டிக்கெட் தீர்ந்துவிடும். சுதந்திரப் போராட்டக் காலம் அது. கிட்டப்பா கதர் கட்டினார். இருவரும் தேசியப் பாட்டுகளும் பாடினார்கள்.

ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனத்தாங்கல் வளர்ந்தது. சேர்வதும், பிரிவதும், மறுபடி சேர்வதுமாகக் காலம் கழிந்தது. பிரிந்திருந்த நாட்களில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிற்காலத்தில் வெளியாயின. கோபமும் அன்பும் கலந்த கடிதங்கள் அவை.

குடி கெடுத்தது

விடிய விடியப் பாடும் நடிகர்களைக் குடிப்பழக்கம் சுலபமாகப் பிடித்துக்கொண்டது. கிட்டப்பாவையும் விடவில்லை. குரல் கெடவில்லை. உடம்பு கெட்டது. நோய் வந்த பிறகும் அவர் மேடை ஏறினார். வேண்டாம் என்று சொல்ல கம்பெனிக்காரர்களுக்கு மனம் வருமா? அவர் வந்தால்தானே வசூல்!

1933 அக்டோபரில் திருவாரூரில் "வள்ளி திருமணம்" நாடகத்தில் நடித்தார். அதுவே கடைசி. 1933 டிசம்பர் 2-ந் தேதி அந்தக் குரல் அடங்கிவிட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1931-ல், முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" வந்தது. பாட்டுப் பாடத் தெரிந்த நாடக நடிகர்களை சினிமா தேடி ஓடிய காலம் அது. இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால், கிட்டப்பாவைத் திரையில் பார்த்திருக்கலாம். அந்த இடத்தில் பிறகு தியாகராஜ பாகவதர் வந்தார். டி.ஆர்.மகாலிங்கம் வந்தார். மகாலிங்கத்தின் உச்சக் குரலைக் கேட்ட பெரியவர்களுக்குக் கிட்டப்பாவின் ஞாபகம் வந்தது.

வெள்ளைச் சேலை

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

அவர் வெள்ளைச் சேலை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். எந்த ஆணோடும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

சினிமாக்காரர்கள் விடவில்லை. பெரிய தொகை கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்து, அவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகச் சொல்வார்கள். கொடுத்துவிட்டார்கள்! 1935-ல் "நந்தனார்" படம் வந்தது. அதில் அவர் போட்டது ஆண் வேடம்; நந்தனார் வேடம். 1953-ல் அவ்வையாராக வந்தார். அவ்வை கிழவி, அவளுக்கு ஜோடி கிடையாது.

கிட்டப்பாவோடு அவர் வாழ்ந்தது ஆறு ஆண்டுகள். அதிலும் பாதி பிரிவு. அதற்குப் பிறகு 47 ஆண்டுகள், 1980-ல் இறக்கும் வரை, வெள்ளைச் சேலையிலேயே இருந்தார்.

கிட்டப்பா நடித்துக் காட்டிய காட்சி ஒன்றுகூடப் படமாக இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடும் பழைய இசைத்தட்டுகள்தான் மிச்சம். கீறல் சத்தத்துக்கு நடுவே, அண்ணன் ஆர்மோனியத்தை அழுத்த, தம்பியின் குரல் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது.