வளைந்த குழல் தந்த விடை

காற்பந்துத் திடலில் ஓரமாக உதைக்கப்பட்ட பந்து காற்றிலேயே வளைந்து கோலுக்குள் நுழைவதைப் பார்த்துக் கைதட்டியிருப்போம். அந்த வளைவை முதன்முதலில் சோதனை செய்து விளக்கியவர்களுள் ஒருவர் ஒரு துப்பாக்கி ஆராய்ச்சியாளர். அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் கண்மூடிய இடம் தமிழ்நாட்டின் கடலூர்.

1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு தையற்காரரின் மகனாக ராபின்ஸ் பிறந்தார். குடும்பம் போரை ஏற்காத குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் சென்று படிக்க வாய்ப்பு அமையவில்லை. ஆனாலும் கணிதத்தில் காட்டிய திறமையால் 1727-இல், 20 வயதிலேயே, லண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

1741-இல் ஊல்விச்சில் இராணுவக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டபோது அங்கே ஆசிரியராக விரும்பினார். பதவி வேறொருவருக்குப் போனது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. கற்பிக்க வைத்திருந்த கருத்துகளை 1742-இல் பீரங்கியியல் பற்றிய புதிய கோட்பாடுகள் என்னும் நூலாக வெளியிட்டார். புகழ்பெற்ற கணித மேதை ஆய்லர் 1745-இல் அதை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து விரிவான விளக்கமும் எழுதினார்.

அந்நூலின் சிறப்பு அளவீடு. பறக்கும் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டார் ராபின்ஸ். பலகை எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். எஸ்.பி.எம். இயற்பியலில் நாம் படிக்கும் உந்த அழிவின்மை விதிதான் இது. வேகமாகச் செல்லும் குண்டைக் காற்று எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதும் அப்போது தெரியவந்தது.

வெடிமருந்தின் வாயு அழுத்தத்தையும் அவர் கணக்கிட்டார். குண்டு நகர நகர வாயு விரிந்து அழுத்தம் குறையும். துப்பாக்கிக் குழல் பின்புறம் தடித்தும் முன்புறம் மெலிந்தும் இருப்பதன் காரணம் இதிலிருந்து புரிகிறது. முழுக்கத் தடித்த குழல் வளையாமல் விறைப்பாக நிற்கும், ஆனால் சுமப்பவருக்குப் பாரம். மிகவும் மெலிந்த குழல் சுடும்போது அதிர்ந்து குறியைத் தவறவிடும்.

ஆனால் நேரான, நல்ல குழலில் சுட்டாலும் குண்டு ஏன் பக்கவாட்டில் விலகுகிறது? குழலின் சுவரில் உரசிச் சுழல்வதுதான் காரணம் என்றார் ராபின்ஸ். அதை மெய்ப்பிக்க ஒரு குழலின் முனையை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்து, வரிசையாக நிறுத்திய மெல்லிய தாள்திரைகள் வழியே சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் சென்றது. பிறகு காற்றிலேயே திரும்பி வலப்பக்கம் போனது! குழலின் வலச்சுவரில் உருண்டதால் பெற்ற சுழற்சியே அதைத் திருப்பியது. நூறாண்டுக்குப் பின் இதை ஆராய்ந்த மேக்னஸின் பெயரே இவ்விளைவுக்கு நிலைத்துவிட்டது.

அப்படியானால் தீர்வு என்ன? சுழற்சியைத் தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம். குழலின் உட்புறம் திருகுபோல் பள்ளங்கள் வெட்டினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். பக்கவாட்டு விலகல் குறையும். கைவினைஞர்கள் ஏற்கெனவே செய்துவந்த இந்த ரைஃபிள் குழலின் காரணத்தை 1747-இல் அவர் அரச கழகத்தில் விளக்கினார். இதை முழுதாக ஏற்கும் நாடே போரில் முந்தும் என்றும் கணித்தார். அடுத்த நூற்றாண்டில் அது பலித்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. கோட்டைகளைச் சீரமைக்க 1750 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தார். ஓராண்டுதான் ஆனது. 1751 ஜூலை 29-இல் காய்ச்சலால் இறந்தார். வயது 44. அந்தக் கோட்டையையும் 1758-இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்தது.

போரை ஏற்காத வீட்டில் பிறந்தவரின் அறிவு, நம் முன்னோரின் மண்ணை ஆளவந்த கம்பெனிக்குப் பயன்பட்டது. இதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும், கேட்ட பதவி கிடைக்காதபோது அவர் செய்த வேலையும், சந்தேகத்தைத் தீர்க்க ஒரு குழலையே வளைத்துப் பார்த்த துணிவும் மாணவர்களாகிய நமக்குப் பாடம்.